பாகைமானிக்கு ஐம்பது ரூபா

புதன்கிழமை பத்தரை மணிக்கு
இராமநாதன் வீதி வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டார்:
"மிஸ், உங்களைத் தேடி ஒரு பிள்ளை."
நாவாந்துறையிலிருந்து
தம்பியைச் சைக்கிள் பாரில் இருத்தி
மிதித்து வந்திருக்கிறாள்.
பள்ளிக்கூட நாள். வெள்ளைச் சட்டை. ரை இல்லை.

முகம் ஞாபகம் வந்தது என்றால் பொய்.
நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
ஐந்து பாடசாலை, மூன்று கிழமை,
மின்விசிறி சுற்றாத மண்டபங்கள்.
ஆளுக்கொரு கொம்பாஸ் பெட்டி, கிறீம் பிஸ்கற்.
அதை முதலில் கொடுப்பதா கடைசியிலா என்று
நெறிமுறைக் குழுவில் அரை மணித்தியாலம் பேசினார்கள்.
கடைசியில் என்று முடிவானது.
பெட்டிகளோ தொடக்கத்திலிருந்தே
மேசையில் அடுக்கியிருந்தன.

"மெறின்சியா" என்றாள்.
"ரெண்டாம் வாங்கு, யன்னல் கரை.
பதினேழாவது கேள்வியை அழிச்சு விடுவியளோ?"

பதினேழு எனக்குப் பாடம்.
கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் எவராவது உன்னை அடித்ததுண்டா?
இல்லை. ஒரு தடவை. பல தடவை.
தமிழில் எழுதியது நான்.
"உன்னை"யா "உங்களை"யா என்று இரண்டு நாள் யோசித்தேன்.
அவ்வளவுதான் யோசித்தேன்.

"அது வாடைக் காத்து நேரம், அக்கா.
வள்ளம் போகேல்லை.
இப்ப அப்பா நல்லம்.
நேற்று எனக்குச் சூடை பொரிச்சுத் தந்தவர்."

தாய் ஒப்பமிட்ட தாள் எங்களிடம் உண்டு.
அவளும் இட்டிருப்பாள், பெயரை முழுதாக,
பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல்.
அந்தத் தாளின் மூன்றாம் வரி:
விரும்பினால் எப்போதும் விலகிக்கொள்ளலாம்.
ஐந்தாம் வரி:
விடையை வைத்து உன்னை எவராலும் கண்டுபிடிக்க முடியாது.
இரண்டையும் ஒரே மூச்சில்
உரத்து வாசித்துக் காட்டியவள் நான்.

பெயர்ப்பட்டியலை விதிப்படி எரித்தாயிற்று,
இப்போது எல்லாம் வெறும் இலக்கம் என்றேன்.

"எவராலும் எண்டால்
உங்களாலயுமோ?"

தலையாட்டினேன்.

"சித்தப்பாவைக் கேட்டுப் போகேக்க
சித்திக்கும் உப்பிடித்தான் சொன்னவை."
கோபமில்லாமல் சொன்னாள்,
மழை வரும் என்பதுபோல.

இப்போதும் அடி விழுகிறதா என்று கேட்க வாயெடுத்தேன்.
தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.
கேட்டால் அது பதினெட்டாவது கேள்வி.
தாளின் அடியில் ஆலோசகரின் தொலைபேசி எண்
போட்டுத்தான் இருந்தோம்.
அவர்கள் வீட்டில் போன்
அப்பாவின் சட்டைப் பையில்.

புத்தகப் பையைத் திறந்து
பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.
பென்சில் ஒரே ஒருமுறை சீவியிருந்தது.
கவராயம், அடிமட்டம், அழிறப்பர்.
பாகைமானி இல்லை.
"இவன் முறிச்சுப்போட்டான். விலை கடையில கேட்டனான்."
எட்டாய் மடித்த ஐம்பது ரூபாத் தாளை
பாகைமானி இருந்த இடத்தில் வைத்து மூடினாள்.
வேண்டாம் என்று நான் சொல்ல முதல்
சைக்கிள் திரும்பிவிட்டது.

பேராசிரியருக்குப் போன் எடுத்தேன்.
"ஒன்று கூடினாலும் குறைந்தாலும்
முடிவு மாறாது. விடும்."
மாறாதென்றால்
அவளை ஏன் கேட்டோம் என்று
நான் கேட்கவில்லை.
பங்குனியோடு திட்டம் முடிகிறது, என் சம்பளமும்.

இரவு தேடினேன்.
பெண், பதின்மூன்று வயது, மூன்றாம் பாடசாலை.
பதினொரு வரிகள்.
பதினேழாம் நிரலில் பல தடவை:
நான்கு.

எது அவள்?
சுட்டியை மேலும் கீழுமாய் இழுத்தேன்.
ஒன்றைத்தான் அழிக்க வந்தேன்,
மற்ற மூவரும்
எதையும் அழிக்கச் சொல்லி வரவில்லை.
எவரும் அவர்களுக்குச் சூடை பொரித்தார்களோ தெரியாது.

பெட்டி என் மேசையில்தான் இருக்கிறது,
ஐம்பது ரூபாவும்.
எங்கள் கணக்குக் கொப்பியில்
செலவுக்கு மட்டுமே நிரல் இருக்கிறது.